கிளட்ச்சை மிதித்தால் சத்தம் வருகிறதா, நிற்கிறதா?

வகுப்பில் உராய்வுப் பாடம் நடந்தபோது எங்கள் சித்தப்பாவின் ஜீப் ஞாபகம் வந்தது. அந்த வண்டியில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். வீட்டில் கியர் வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும்.

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் சாலை நமக்கெல்லாம் தெரிந்ததுதான். கோமுகி அணைப் பக்கம் தாண்டினால் ஏற்றமும் வளைவும்தான். அந்த வழியில்தான் சித்தப்பா ஆட்களையும் மரவள்ளி மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு போய்வருவார். மாசி மாதம் வண்டியில் 'கீர்ர்' என்று ஒரு சத்தம் ஆரம்பித்தது. ஒரு பட்டறையில் காட்டினார். அவர்கள் ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "கியர் பாக்ஸ் போச்சுண்ணே, பிரிச்சு உள்ள எல்லாத்தையும் மாத்தணும், 25 ஆயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். அக்காவின் நர்சிங் படிப்புக்குக் கட்ட வைத்திருந்த பணமே அவ்வளவுதான். சித்தப்பா அன்று சாப்பிடவே இல்லை.

பெரியப்பா லாரி ஓட்டியவர். "நில்லுடா. முதல்ல காலால கேட்டுப் பாப்போம். அப்புறம் பட்டறைக்குப் போலாம்" என்றார். காலால் எப்படிக் கேட்பது என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

இதைப் புரிந்துகொள்ள உள்ளே என்ன சுற்றுகிறது என்று தெரிய வேண்டும். என்ஜினின் பின்பக்கம் ஃபிளைவீல் என்ற கனமான சக்கரம். அதன்மேல் பிரஷர் பிளேட் போல்ட் போட்டு மாட்டியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட், இரண்டு தட்டுக்கு நடுவே அடையை வைத்து அழுத்திப் பிடித்த மாதிரி. கிளட்ச் பிளேட்டின் நடுத்துளையில் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் கோத்திருக்கும். பெடலை மிதிக்காதபோது உராய்வினால் எல்லாம் ஒன்றாகச் சுற்றும். மிதித்தால் ரிலீஸ் பேரிங் முன்னால் போய்ப் பிரஷர் பிளேட்டை அமுக்கும். அழுத்தம் விலகும், கிளட்ச் பிளேட் விடுபடும். என்ஜின் சுற்றிக்கொண்டிருக்க, இன்புட் ஷாஃப்ட் மட்டும் வேகம் குறைந்து நிற்கும்.

பெடல் மேலே இருக்கும்போது சுற்றும் பாகம் வேறு, கீழே இருக்கும்போது சுற்றும் பாகம் வேறு. சத்தம் எப்போது வருகிறது என்று பார்த்தால் எந்தப் பாகம் கத்துகிறது என்று சொல்லிவிடலாம்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்தோம். நியூட்ரலில் என்ஜின் மெதுவாக ஓடியது. சீட்டில் நான். பானெட்டுக்குப் பக்கத்தில் பெரியப்பா.

முதலில் காலை எடுத்துவிட்டு வைத்தேன். இந்த நிலையில் இன்புட் ஷாஃப்ட்டும், பெட்டிக்குள் அதோடு பல் கோத்திருக்கும் லே ஷாஃப்ட்டும் சுற்றும். இப்போது சத்தம் இருந்து, பெடலை முழுதாக மிதித்ததும் அது அடங்கினால், கோளாறு பெரும்பாலும் கியர் பாக்ஸ் பேரிங்கில். (லேசான கடகடப்பு நல்ல பெட்டியிலும் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம்.) எங்களுக்கு ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை.

"இப்ப மெள்ள அமுக்கு. விளையாட்டு முடியிற இடத்துல நிறுத்து" என்றார். பெடலில் ஆரம்பத்தில் லொடலொடவென்று இருக்குமே, அதுதான் விளையாட்டு. அது முடிகிற இடத்தில்தான் ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டைத் தொடும். தொட்ட நொடியில் 'கீர்ர்'! முழுதாக மிதித்தால் இன்னும் அதிகம். காலை எடுத்தால் மௌனம். மூன்று தடவை செய்தோம், மூன்று தடவையும் அப்படியே. "ரிலீஸ் பேரிங்டா. பெட்டிக்குள்ள ஒண்ணுமில்ல" என்றார் பெரியப்பா.

அவர் அதோடு விடவில்லை. மரப்பிடி ஸ்குரூ டிரைவரின் நுனியைக் கியர் பாக்ஸ் கூட்டின்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும், இரும்பில் 5000 மீட்டருக்கும் மேல். வேகம் மட்டுமல்ல, சத்தம் காற்றில் சிதறாமல் நேராகக் காதுக்கு வந்துவிடுகிறது. 1816-இல் பிரான்சில் லென்னக் என்ற மருத்துவர் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டதும் இதே வேலைதான். யாராவது செய்து பார்ப்பதானால் துண்டு, வேட்டி, தாவணி எதுவும் ஃபேன் பெல்ட் பக்கம் போகக் கூடாது.

இன்னொரு பேரிங்கும் உண்டு. என்ஜின் தண்டின் முனையில், இன்புட் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங். ஷாஃப்ட் நிற்க, என்ஜின் சுற்றும்போதுதான் அதற்கு வேலை. வண்டி நிற்கையில் கிளட்ச்சை முழுதாக மிதித்து, முதல் கியர் போட்டு, காலை எடுக்காமல் வைத்திருக்கும்போது மட்டும் கீச்சென்றால் அதைச் சந்தேகிக்கலாம். எல்லா வண்டியிலும் இது இருக்காது. பெடலை என்ன செய்தாலும் சத்தம் மாறவே இல்லையா? அது என்ஜின் பக்கம், ஃபேன் பெல்ட் பக்கம்.

புதிய ஹைட்ராலிக் கிளட்ச் வண்டிகள் பலவற்றில் ரிலீஸ் பேரிங் எப்போதும் லேசாகத் தொட்டுக்கொண்டே இருக்கும். அங்கே சத்தம் இவ்வளவு தெளிவாக வந்து போகாது. அழுத்த அழுத்த மாறுகிறதா என்றுதான் கவனிக்க வேண்டும்.

ஓடும்போது வரும் சத்தத்துக்கு வேறு கணக்கு. பின்சக்கரம் இழுக்கும் 4 கியர் ஜீப்பில் நாலாவது கியர் நேரடி கியர். சக்தி லே ஷாஃப்ட் வழியாகப் போகாது. 1, 2, 3-இல் ஊளையிட்டு 4-இல் அடங்கினால் லே ஷாஃப்ட் பேரிங்கைப் பார்க்க வேண்டும். மாருதி 800 போல முன்சக்கரம் இழுக்கும் கார்களில் நேரடி கியர் கிடையாது, அங்கே இந்தக் கணக்கு உதவாது. புறப்படும்போது 'டக்' என்றால் பிராபல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ். ரிவர்ஸில் 'ஊய்ங்' என்று கத்துவது நோயே இல்லை, பெரும்பாலான வண்டிகளில் அந்தக் கியருக்கு மட்டும் பல் நேராக வெட்டியிருக்கும்.

கியர் போடும்போது 'கரக்' என்கிறதா? கிளட்ச்சை மிதித்து ஐந்து நொடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கரக் என்றால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. ஓடும்போது ஒரே ஒரு கியரில் மட்டும் கரக் என்றால் அந்தக் கியரின் சின்க்ரோ ரிங் தேய்ந்திருக்கும். சுற்றும் இரண்டு பாகங்களின் வேகத்தைச் சமமாக்கிக் கோக்க வைப்பது அந்த வளையம். 1928-இல் அமெரிக்காவில் காடிலாக் காரில் வந்தது. அது இல்லாத லாரிகளை ஓட்டிய காலத்தில் பெரியப்பா ஒவ்வொரு கியருக்கும் கிளட்ச்சை இரண்டு முறை மிதிப்பாராம். டபுள் கிளட்ச் என்பார்கள்.

நியூட்ரலில் உருட்டிக் கேட்கிறேன் என்று மலை இறக்கத்தில் மட்டும் யாரும் செய்துவிடாதீர்கள். என்ஜின் பிடிப்பு இல்லாமல் பிரேக் ஒன்றையே நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போய்விடும்.

பிறகு வேறொரு பட்டறைக்குப் போனோம். அங்கேதான் ஒன்று புரிந்தது. ரிலீஸ் பேரிங் மாற்றவும் கியர் பாக்ஸை வண்டியிலிருந்து இறக்கத்தான் வேண்டும். ஆனால் இறக்குவது வேறு, பிரிப்பது வேறு! பெரியப்பா முதலில் கியர் ஆயிலை விரலில் தொட்டுப் பார்த்தார். இரும்புத் தூள் இல்லை. இன்புட் ஷாஃப்ட்டைப் பிடித்து ஆட்டினார், ஆட்டம் இல்லை. பெட்டியைப் பிரிக்கவே இல்லை. பேரிங்கைக் கையில் சுற்றினால் மணல் அள்ளிப் போட்ட மாதிரி நறநறத்தது. கிளட்ச் பிளேட்டும் ரிவெட் வரை தேய்ந்திருந்ததால் இறக்கிய கூலியோடு அதையும் மாற்றிவிட்டோம். மொத்தம் 9 ஆயிரத்துச் சொச்சம். உள்ளே இருந்த தூசியை ஊதப் போன என்னை மெக்கானிக் தடுத்து, ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார். பழைய பிளேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்குமாம். அது நுரையீரலுக்குக் கேடு.

அந்தப் பேரிங் ஏன் போனது? ஓட்டும்போது பெடல்மேல் கால் வைத்துக்கொண்டே இருந்தால் அது ஓயாமல் சுற்றும். மேட்டில் பாதி கிளட்ச்சில் வண்டியைத் தாங்கி நிறுத்தினால் பிளேட்டும் எரியும். ஹேண்ட் பிரேக் எதற்கு இருக்கிறது? "நான் கால் வைக்கிறதே இல்ல" என்று சித்தப்பா சாதித்தார். போன ஞாயிற்றுக்கிழமை முன்சீட்டில் உட்கார்ந்து வெள்ளிமலைக்குப் போனபோது நான் அவர் இடது காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். முதல் நான்கு வளைவுக்குள் மூன்று முறை கால் பெடலில் போய் உட்கார்ந்துவிட்டது. பெரியப்பாவிடம் சொன்னேன். இப்போது பெடலுக்கு இடப்பக்கம் தரையில் சுண்ணாம்பால் ஒரு பாதம் வரைந்து வைத்திருக்கிறார்.

உங்கள் வீட்டு வண்டியில் என்ன கேட்டது என்று அடுத்த இதழுக்கு எழுதித் தாருங்கள்.

— பதினோராம் வகுப்பு, தொழிற்கல்விப் பிரிவு