கூடுதல் வாடகை வாங்கினால் கூடுதல் பொறுப்பும் வரும்

கேள்வி: நாகல் நகரில் சிறிய லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறேன். சேலைக் கட்டு, நூல் கோன், பூட்டுப் பெட்டி, சின்ன வெங்காய மூட்டை என்று எல்லாமே ஏறும். இதுவரை எல்லாவற்றுக்கும் கிலோ கணக்கில் ஒரே வாடகைதான். காலி கோன் அட்டைப்பெட்டிகள் வந்தால் பாதி வண்டி அடைத்துக்கொள்கிறது, தராசில் வைத்தால் எடையே இல்லை. பூட்டு அதற்கு நேர் எதிர். எடை, அளவு, மதிப்பு, அழுகும் சரக்கா இல்லையா என்பதைப் பார்த்துத் தனித்தனி வாடகை வைக்கலாமா? ரசீதின் பின்பக்கம் நிபந்தனைகளை அச்சடித்தால் போதுமா? 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று முத்திரை குத்திவிட்டால் சேதத்துக்கு நான் பொறுப்பில்லைதானே?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல்)

பதில்: முதல் கேள்விக்கு 'வைக்கலாம்'. கடைசிக் கேள்விக்கு 'இல்லை'. நடுவில் கேட்டிருக்கிறாரே, ரசீதின் பின்பக்கம், அதுதான் கோர்ட் வரை இழுக்கும் சங்கதி.

லாரி வாடகைக்கு மேல்வரம்பு, கீழ்வரம்பு வைக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 67-வது பிரிவு மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. நடைமுறையில் வாடகை பேச்சுவார்த்தையில்தான் முடிகிறது. சரக்குக்குத் தக்க வாடகை என்பதும் புதிய யோசனை அல்ல. ரயில்வே சரக்குகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்து, வகுப்புக்கொரு கட்டணம் வாங்குகிறது. ரயில்வே சட்டத்தின் 70-வது பிரிவு ஒருவருக்கு மட்டும் நியாயமற்ற சலுகை காட்டுவதைத் தடுக்கிறது. லாரிக்காரருக்கு அதே வாசகத்தில் தடை இல்லை. ஆனாலும் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007, 'பொதுச் சரக்கேற்றுநர்' என்று சொல்வதே எல்லாருக்கும் பாகுபாடின்றிச் சரக்கு ஏற்றுபவரைத்தான். புக்கிங் கம்பெனி, ஏஜென்ட், புரோக்கர், கூரியர் எல்லாரும் அதற்குள் அடக்கம், வாசகரும் அடக்கம். அதனால் அவருடைய விதி சரக்கைப் பார்க்கட்டும், ஆளைப் பார்க்க வேண்டாம்.

இந்த விதியின் வேர் 1865-ல் இருக்கிறது. அந்த ஆண்டு வந்த சரக்கேற்றுநர் சட்டத்தில் ஓர் அட்டவணை உண்டு. தங்கம், முத்து, கண்ணாடி, தந்தம், சந்தனம் ஆகியவற்றோடு பட்டும் ஜரிகை வேலை செய்த துணியும் அதில் இருந்தன. இவை நூறு ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளவை என்றால், அனுப்புகிறவர் மதிப்பையும் விவரத்தையும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் தொலைந்ததற்கு வண்டிக்காரர் பொறுப்பில்லை. சொன்னால் கூடுதல் கட்டணம் கேட்கலாம். இங்கிலாந்தில் 1830-ல் வந்த சட்டமும் பத்து பவுண்டுக்கு மேற்பட்ட பட்டுக்கும் கண்ணாடிக்கும் இதையேதான் சொன்னது. கூண்டு வண்டிக் காலத்திலேயே பட்டுக்கு ஒரு கட்டணம், பருத்தி மூட்டைக்கு ஒரு கட்டணம் என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டுவிட்டது.

அந்தப் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு வந்ததுதான் 2007-ம் ஆண்டுச் சட்டம். 2011 மார்ச் 1-ல் அமலுக்கு வந்தது. அட்டவணை போய்விட்டது, கொள்கை நின்றது. 11-வது பிரிவின்படி, கூடுதல் ரிஸ்க்குக்கு உயர்ந்த வாடகை கேட்பவர் அந்த வாடகையைத் தொழில் நடக்கும் இடத்தில் ஆங்கிலத்திலும் மாநில மொழியிலும் எழுதியோ அச்சிட்டோ மாட்டியிருக்க வேண்டும். போர்டு மாட்டாதவருக்கு உயர்ந்த வாடகை கேட்க உரிமை இல்லை. புக்கிங் ஆபீஸ்களில் சாமி படமும் காலண்டரும் தொங்கும் சுவரில் இந்தப் போர்டுக்கும் ஓரிடம் ஒதுக்க வேண்டும். தமிழில் மட்டும் எழுதினால் போதாது, ஆங்கிலத்தில் மட்டும் எழுதினாலும் போதாது.

இனி பணக் கணக்கு. சாதாரண வாடகையில் போகும் சரக்கு தொலைந்தாலோ சேதமானாலோ, 10-வது பிரிவும் 2011-ம் ஆண்டு விதிகளும் பொறுப்புக்கு ஒரு வரம்பு வைத்திருக்கின்றன: வாடகையைப் போல் பத்து மடங்கு. அதுவும் அனுப்புகிறவர் சொன்ன மதிப்பைத் தாண்டக் கூடாது. ஒரு சேலைக் கட்டின் மதிப்பு 60,000 ரூபாய், வாடகை 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கட்டு காணாமல் போனால் நெசவாளிக்குக் கிடைப்பது அதிகபட்சம் 3,000 ரூபாய். அதே நெசவாளி போர்டில் உள்ள உயர்ந்த வாடகையைத் தர வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருந்தால் அந்தப் பத்து மடங்கு வேலி போய்விடும். இருவரும் ஒப்புக்கொண்ட நிபந்தனைப்படி புக்கிங் ஆபீஸ் முழு மதிப்புக்கும்கூடப் பதில் சொல்ல வேண்டிவரலாம். ஆக, மதிப்புள்ள சரக்குக்குக் கூடுதலாக வாங்கும் ஒவ்வொரு ரூபாயும் பொறுப்பையும் கூடவே அழைத்து வருகிறது. இதைக் கணக்குப் பார்க்காமல் ரேட் கார்டு போடுபவர்தான் பிறகு இன்சூரன்ஸ் ஏஜென்டைத் தேடி ஓடுகிறார்.

எடையில்லாமல் இடத்தை அடைக்கும் சரக்குக்குச் சூத்திரம் எதையும் சட்டம் வகுக்கவில்லை. அது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. விமானச் சரக்கில் 6,000 கன சென்டிமீட்டரை ஒரு கிலோவாகக் கணக்கிடுவது வழக்கம். 60 செ.மீ. நீளம், 50 அகலம், 40 உயரமுள்ள கோன் பெட்டி தராசில் 6 கிலோ காட்டினாலும் அந்தக் கணக்கில் 20 கிலோ. லாரிக்கு இதே எண் வேண்டுமென்பதில்லை. எந்த எண்ணானாலும், 'நிஜ எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்கே வாடகை' என்ற வரி சரக்கு ஏறும் முன்பே வாடிக்கையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். டெலிவரி குடோனில் டேப்பை நீட்டி அளந்து, 'இன்னும் 400 ரூபாய் கட்டு' என்றால் தகராறுதான்.

எங்கே எழுதுவது? ரசீதின் பின்பக்கம் பலவீனமான இடம். சரக்கை வாங்கிக்கொண்ட பிறகு ஆபீஸ் கொடுக்கும் தாள் அது. வாடிக்கையாளர் அதில் எதையும் ஒப்புக்கொள்வதில்லை. 8-வது பிரிவு சொல்லும் சரக்கு அனுப்பும் படிவம் அப்படியல்ல. அதை அனுப்புகிறவரே நிரப்பிக் கையெழுத்திடுகிறார். மதிப்பை அவரே அறிவிக்கிறார், விவரம் பொய்யானால் நட்டத்தை அவரே ஏற்கிறார். 'வாடகை விதிகளைப் படித்துத் தெரிந்துகொண்டேன், சாதாரண வாடகை / உயர்ந்த வாடகை' என்று அந்தப் படிவத்திலேயே ஒரு வரி சேர்த்து, ஒன்றை அடிக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கினால் பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். அவசரத்தில் லோடுமேன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவது நம் ஊர் வழக்கம். அவருக்கு அதிகாரம் உண்டா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார்.

'ஓனர்ஸ் ரிஸ்க்' முத்திரைக்கு உச்ச நீதிமன்றம் 2000-ல் நாத் பிரதர்ஸ் வழக்கில் விடை சொல்லிவிட்டது. அந்த வாசகம் இருந்தாலும் சரக்கேற்றுநரும் அவருடைய ஆட்களும் காட்டிய கவனக்குறைவுக்கான பொறுப்பு நீங்காது. கவனக்குறைவை வாடிக்கையாளர் நிரூபிக்க வேண்டியதும் இல்லை. இதைத் தெரிந்துகொள்ள திண்டுக்கல்காரர் டெல்லிப் பக்கம் பார்க்க வேண்டாம். 1995 அக்டோபரில் சரண் ஸ்பின்னிங் மில்ஸ் கொல்கத்தாவுக்கு அனுப்பிய ஹோசியரி நூல், லாரி விபத்தில் பாழானது. நேஷனல் இன்சூரன்ஸ் மில்லுக்கு 4,47,436 ரூபாய் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தைக் கேட்டு மில்லோடு சேர்ந்து டிரான்ஸ்போர்ட் கம்பெனி மேல் புகார் கொடுத்தது. புகார் போன இடம் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் மன்றம். 2010 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு வரை போய், டிரான்ஸ்போர்ட் கம்பெனி தோற்றது. அந்தத் தீர்ப்பில் வாசகருக்குச் சாதகமான ஒரு குறிப்பும் உண்டு: 2003 மார்ச் 15-க்குப் பிறகு வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் நுகர்வோர் ஆகமாட்டார். அப்படிப்பட்டவர் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

எந்த ஊர் கோர்ட்? வெளியூர்க் கம்பெனியின் கிளையாக இருந்தால் ரசீதில் 'மும்பை நீதிமன்ற எல்லைக்குட்பட்டது' என்று இருக்கும். போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏற்றி, டெல்லி குடோனில் தீப்பிடித்துச் சேதமான வழக்கில் படேல் ரோட்வேஸ் இதைத்தான் காட்டியது. கிளை இருக்கும் இடத்தில் வழக்குக்கான காரணம் எழுந்திருக்கும்போது, தலைமையகம் இருப்பதால் மட்டும் பம்பாய் கோர்ட்டுக்கு அதிகாரம் வராது என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரியகுளத்தில் போட்ட வழக்கு பெரியகுளத்திலேயே நின்றது.

ஒரு எச்சரிக்கை. தெருவில் உள்ள ஆபீஸ்காரர்கள் எல்லாரும் கூடி உட்கார்ந்து, இனி கன அளவுக்கு இவ்வளவு, டீசலுக்கு இவ்வளவு என்று ஒரே ரேட் முடிவு செய்யக் கூடாது. போட்டிச் சட்டத்தின் 3-வது பிரிவு குறுக்கே வரும். விமானச் சரக்குக்கு எரிபொருள் உபரிக் கட்டணத்தைக் கூட்டாக நிர்ணயித்ததாக ஜெட் ஏர்வேஸ், இண்டிகோ, ஸ்பைஸ்ஜெட் மூன்றுக்கும் போட்டி ஆணையம் 2015-ல் சுமார் 258 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் அது ரத்தாகி, மறு விசாரணைக்குப் பின் 2018-ல் சுமார் 54 கோடியாக வந்தது. டீசலுக்குத் தக்கபடி தன் வாடகையைத் தானே ஏற்றிக்கொள்வது வேறு, கூடிப் பேசி ஏற்றுவது வேறு.

அதேபோல், எவ்வளவு கூடுதல் வாடகை தந்தாலும் அனுமதித்த எடைக்கு மேல் ஏற்ற முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவில் அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் இன்னும் 2,000.

வெங்காயம் பாக்கி இருக்கிறது. சேருமிடத்தில் ஆள் வராவிட்டால், மற்ற சரக்கு நோட்டீஸ் கொடுத்து 30 நாள் கழித்துத்தான் கேட்பாரற்றதாகும். அழுகும் சரக்குக்கு 2007-ம் ஆண்டுச் சட்டத்தின் 15-வது பிரிவு 24 மணி நேரமே தருகிறது. படிவத்தில் ஒப்புக்கொண்டால் அதையும் குறைக்கலாம். விற்ற பணத்தில் வாடகையும் குடோன் செலவும் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். வெங்காயத்துக்கும் வாழைக்கும் வைக்கும் வாடகை விதியில் இந்த நேரத்தையும் எழுதிவிடுவது நல்லது: 'வந்து சேர்ந்த நோட்டீஸிலிருந்து 12 மணி நேரம்' என்பதுபோல. சேதத்துக்கு வழக்குப் போடுபவர் புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும் என்கிறது 16-வது பிரிவு. கணக்கு தொடங்குவது சரக்கு கெட்ட தேதியில் அல்ல, படிவத்தில் இருக்கும் தேதியில். அதனால் படிவப் புத்தகத்தையும் எடைச் சீட்டையும் வருஷக் கடைசியில் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட வேண்டாம்.