மண்டபம் பிறகு பிடிக்கலாம்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பின் தம்பி,

உமது கதைப் பிரதியை வாசித்து முடித்தேன். பதினான்கு கதைகள். முன்னுக்கு நான்கு பெரியவர்களின் உரைகளுக்கென்று விட்ட வெறுந்தாள்கள், பின்னட்டைக்கு உமது படம், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு துண்டு. தமிழ்ச் சங்கத்தில் மண்டபம் விசாரித்து வைத்திருக்கிறீராம், நான் சரி சொன்னால் திகதியை உறுதிப்படுத்துவீராம். கதைகளைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. அதற்கு முதல் அந்தத் துண்டுக்கு மறுமொழி: திகதி எடுக்க வேண்டாம்.

கோபிக்காதேயும். 57ஆம் ஒழுங்கைச் சங்கத்தில் நடக்கிற வெளியீட்டு விழாக்களை இளக்காரமாகப் பார்க்கிறவன் அல்ல நான். கொழும்பில் ஒரு தமிழ்ப் புத்தகம் எப்படி வெளிவருகிறது என்பது உமக்கும் தெரியும். அநேகமாக எழுதினவரேதான் அச்சுக்கூலி கட்டுகிறார். முந்நூறு பிரதி அடித்துக் கடைகளுக்குக் கொடுத்துவிட்டு அந்தக் காசு திரும்பி வருமென்று காத்திருந்தால் தலை நரைத்துவிடும். விழாவில் ஒரு வர்த்தகப் பெருமகன் முதற்பிரதி வாங்குவார், சிறப்புப் பிரதிக்கு ஆட்கள் வரிசையாக மேடைக்கு வருவார்கள். அவர்கள் என்வலப்பில் வைத்துக் கொடுக்கிற காசில்தான் அச்சகத்துக் கடன் தீர்கிறது. பதிப்பகம் செய்ய வேண்டியதை ஊர் செய்கிறது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதுவரை ஒரு நூலும் போடாதவர்களின் முதல் நூலை வெளியிடுவதற்கென்றே புரவலர் ஹாசிம் உமர் 'புரவலர் புத்தகப் பூங்கா' தொடங்கியதும் இந்த ஊரில்தான்.

ஆனால் விழா, புத்தகம் எழுதி முடிந்த பிறகு வரவேண்டியது. உமது பிரதிக்குள் இப்போதே கதிரை போட்டு ஆட்கள் இருக்கிறார்கள். மூன்றாவது கதையில் வருகிற பெரியப்பா பதினொரு பக்கம் தம்பியின் காணியை விழுங்கப் பார்க்கிறார், கடைசிப் பந்தியில் திடீரென்று கண் கலங்கி உறுதியைத் திருப்பிக் கொடுக்கிறார். ஏன் கொடுத்தார்? கதைக்குள் காரணம் இல்லை. உமது சொந்தப் பெரியப்பா முன்வரிசையில் இருப்பார் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஏழாவது கதையில் ஓர் ஆசிரியையை ஒன்றரைப் பக்கத்துக்குப் புகழ்ந்திருக்கிறீர், கதை அங்கேயே படுத்துவிடுகிறது. அந்த ரீச்சர்தான் ஆசியுரை தரப்போகிறார் என்றும் தெரிகிறது. முதற்கதையின் தொடக்கத்தில் கதிரவன் பொற்கரம் நீட்டுகிறான். நயவுரை செய்பவர் வாசித்துக் காட்டத் தோதான வசனம், வேறு ஒன்றுக்கும் உதவாது.

மண்டபத்துக்கு வருகிறவர்கள் உம்மிடம் உள்ள அன்பினால் வருகிறார்கள். புத்தகம் எப்படி இருந்தாலும் அவர்கள் வாங்குவார்கள். புத்தகத்துக்கு வேண்டியவர் வேறொருவர். பத்து வருடம் கழித்து, நீர் ஆர் என்றே தெரியாமல், ஏதோ ஒரு நூலக அலுமாரியிலிருந்து இழுத்தெடுத்து, நின்றபடியே இரண்டு பக்கம் புரட்டுகிற ஆள். அவருக்கு உமது பெரியப்பாவின் முகம் கோணுமே என்ற கவலை கிடையாது. அவருக்குத்தான் எழுதும்.

கொட்டாஞ்சேனையில் உமது வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஸ்ரீ கதிரேசன் வீதியில், டொமினிக் ஜீவா 'மல்லிகை'யைப் பல காலம் நடத்தினார். 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கி, 1990களில் கொழும்புக்கு இடம்பெயர்ந்த சஞ்சிகை அது. 'மல்லிகைப் பந்தல்' என்ற பெயரில் எத்தனையோ பேருடைய நூல்களை அவர் போட்டார். ஆனால் நீர் அறிய வேண்டியது அவருடைய சொந்த முதல் நூலைப் பற்றி. 'தண்ணீரும் கண்ணீரும்' 1960இல் சென்னையில் சரஸ்வதி வெளியீடாக வந்தபோது அவர் யாழ்ப்பாணத்தில் சலூனில் முடி வெட்டிக்கொண்டிருந்தார். அவரும் எழுத்தாளர் கே. டானியலும் சாதாரண சனங்களின் வாழ்க்கையை அவர்களுடைய பேச்சிலேயே எழுதப் போய், பண்டிதர்களிடம் 'இழிசனர் இலக்கியம்' என்று வாங்கிக் கட்டிக்கொண்ட காலம். தன் கதிரையில் தலையைக் கொடுத்துவிட்டு இருக்கிற கனவான்களைத் திருப்திப்படுத்த வேண்டுமென்று அவர் நினைத்திருந்தால் அந்தப் புத்தகமே வந்திராது. வந்தது. ஈழத்துத் தமிழ்ப் படைப்பிலக்கிய நூலொன்றுக்கு முதன்முதலில் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்ததும் அதற்குத்தான்.

இனி உமது கதைகள். ஒன்பதாவது கதையை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். தோட்டத்துப் பொதுப் பைப்படி, ராத்திரியே வரிசைக்கு வைத்துவிட்டுப் போகிற வாளிகள், ஒவ்வொரு வாளியின் விளிம்பிலும் நகப்பூச்சால் எழுதின முதலெழுத்து. செத்துப்போன அன்ரியின் சிவப்பு 'ர' எழுதின வாளியை நாலு நாளாக ஒருத்தரும் வரிசையிலிருந்து எடுக்காமல், ஆளாளுக்குத் தள்ளித் தள்ளி முன்னுக்குக் கொண்டுவருகிறார்கள். ஐந்தாம் நாள் அதில் ஆர் தண்ணீர் பிடிப்பது என்று சண்டை வருகிறது. இதை வெள்ளவத்தையில் மேல்மாடியில் இருக்கிற நான் எழுத முடியாது. யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருக்கிற கெட்டிக்காரன் ஒருவனும் எழுத முடியாது. இதே கதையின் கடைசியில் 'மனித வாழ்வும் ஒரு வாளி போலத்தானே' என்று ஒரு வசனம் போட்டிருக்கிறீர். வெட்டும். வாளி வாளியாகவே இருக்கட்டும், வாசிக்கிறவருக்கு மூளை இருக்கிறது.

ஆனால் ஒன்று. அந்தப் பைப்படியில் நிற்கிற எல்லாரும் ஏன் யாழ்ப்பாணத் தமிழ் கதைக்கிறார்கள்? கொட்டாஞ்சேனையில் ஒரே ஒழுங்கையில் மலையகத்திலிருந்து வந்தவர் இருக்கிறார், ஜிந்துப்பிட்டியிலேயே பிறந்து வளர்ந்தவர் இருக்கிறார், முஸ்லிம் குடும்பம் இருக்கிறது, வாக்கியத்தைத் தமிழில் தொடங்கிச் சிங்களத்தில் முடிக்கிற பொடியன் இருக்கிறான். உமது அம்மாவின் ஊர்ப் பேச்சு உமக்கு இலக்கியத் தமிழாகப் படுகிறது, அதனால் எல்லார் வாயிலும் அதையே வைத்துவிட்டீர். மாலையில் போய் அந்தப் பைப்படியில் நின்று கேளும். குறிப்பெடுக்க வேண்டாம், சனம் உஷாராகிவிடும். காதால் பிடித்துக்கொண்டு வந்து வீட்டில் எழுதும்.

பேச்சும் இடமும் சரியாக விழுந்தால் பெரிய சம்பவங்கள் தேவைப்படாது. அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'யை எடுத்துப் பாரும். தண்ணிமுறிப்புக் காடு, விரல்விட்டு எண்ணக்கூடிய மனிதர்கள், அவ்வளவுதான். முதல் நாவல். 1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகள் வருவது மட்டுப்படுத்தப்பட்டபோது வீரகேசரி மலிவு விலையில் நம்மவர் நாவல்களை வரிசையாகப் போட்டதே, அதில் 1973இல் வந்தது. அந்த வரிசையில் வந்த எத்தனையோ நூல்களின் பெயரே இன்று மறந்துபோயிற்று. இது இன்னும் வாசிக்கப்படுகிறது.

பதினான்கில் எத்தனையைப் போடலாம் என்று கேட்டிருந்தீர். எட்டு என்று வையும், ஆறாகக் குறைந்தாலும் பரவாயில்லை. புத்தகம் மெலிந்துபோகுமே என்று பயப்பட வேண்டாம். ரஞ்சகுமாரின் 'மோகவாசல்' (1989) மெல்லிய புத்தகந்தான். ஈழத்துச் சிறுகதை என்று பேச்சு வந்தால் அந்த ஒரு தொகுப்போடு அவர் பெயர் வந்துவிடும். கழித்த கதைகளை எறியவும் வேண்டாம், லாச்சியில் கிடக்கட்டும். அ. முத்துலிங்கத்தின் முதல் தொகுதி 'அக்கா' 1964இல் வந்தது, அடுத்தது 'திகடசக்கரம்', 1995இல். இடையில் முப்பது வருடம். உம்மை அவ்வளவு காலம் சும்மா இரும் என்று சொல்லவில்லை. செப்டெம்பர்ப் புத்தகக் கண்காட்சிக்குள் வந்தாக வேண்டும் என்று நிற்கிறீரே, அந்த அவசரம் உம்முடையது, கதைகளுடையது அல்ல.

திருத்தி எழுதுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் தமிழில் ஒரு கதை பத்திரிகையில் வந்துவிட்டால் அதை விக்கிரகம் மாதிரி வைத்துக்கொள்கிறோம், கை வைப்பதில்லை. இதே நகரத்தை எழுதுகிற ஷெகான் கருணாதிலக்கவைப் பாரும். 'சட்ஸ் வித் த டெட்' என்ற நாவல் 2020இல் இந்தியாவில் அச்சாகிக் கடைக்கே வந்துவிட்டது. அதன் பிறகும் வெளிநாட்டு வாசகருக்கு விளங்கவில்லை என்று உட்கார்ந்து மாற்றி எழுதினார். 2022இல் 'த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மெய்தா' என்று வந்து புக்கர் பரிசு வாங்கியது அந்தத் திருத்தப் பிரதிதான். உமது மூன்றாவது கதை ஞாயிறு வாரமலரில் வந்தது என்பதற்காக அந்தப் பெரியப்பாவை மன்னித்துவிட முடியாது.

உரைகள் நான்கும் வேண்டாம். 'அக்கா'வுக்கு விமர்சகர் கைலாசபதி ஒரு முன்னுரை எழுதினார், அது போதுமாக இருந்தது. வாழ்த்துரை, அணிந்துரை, ஆசியுரை, பதிப்புரை, என்னுரை என்று இருபது பக்கம் கடந்து கதைக்கு வருகிறவர் ஏற்கெனவே களைத்துப் போயிருப்பார். ஒருவரிடம் கேளும். அதுவும் உம்மோடு சண்டை பிடிக்கக்கூடியவராகப் பாரும்.

வாசிப்பதற்குக் காசில்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் பழைய சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடக்கின்றன. அதில் முதல் தொகுதிகளாகத் தேடி எடுத்து வாசியும், நல்லதும் மோசமானதுமாக. மோசமானவற்றில் நீர் கற்கப்போவது கூட. எல்லாவற்றிலும் அதே கதிரவன் அதே பொற்கரத்தை நீட்டுவான்.

இனி நான் சோறு தின்ற தொழில், ஒப்புநோக்கல். நீர் தந்த கோப்பு பாமினியில் தட்டச்சு செய்து பிறகு யூனிகோடுக்கு மாற்றினது. அதில் 'அவர்கள்' என்ற சொல்லைத் தேடிப் பாரும். பாதி இடங்களில் அகப்படாது. தட்டச்சு செய்தவர் ரகரத்துக்குப் பதில் கால் போட்டு அதன்மேல் குற்று வைத்திருக்கிறார். தாளில் பார்த்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, நாளைக்கு இதை மின்னூலாக்கினால் தேடலில் ஒன்றும் சிக்காது. எல்லாவற்றையும் மாற்றும். ஒப்புநோக்கும்போது கதையை வாசிக்காதேயும், எழுத்தை வாசியும். கடைசிக் கதையிலிருந்து பின்னோக்கிப் போனால் கதையில் இழுபட மாட்டீர். எழுதினவன் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது, ஆகையால் இன்னொருவர் கையிலும் கொடும். உரக்க வாசிக்கச் சொல்லி நீர் கேட்டுக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது, நாக்கு இடறுகிற இடத்தில் வசனமும் இடறுகிறது.

மற்றவை சுருக்கமாக. சர்வதேச நூல் இலக்கத்தைக் கொழும்பு 7 சுதந்திர அவென்யூவிலுள்ள தேசிய நூலகத்தில் விண்ணப்பித்து எடுக்கலாம். 978க்குப் பிறகு 955 அல்லது 624 வந்தால் இலங்கை நூல். பதிப்புரிமையை எங்கேயும் பதிய வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டப்படி எழுதின உடனே அது உம்முடையது, உமக்குப் பின்னும் 70 வருடம் நிற்கும். அச்சில் பக்கங்கள் பதினாறு பதினாறாக ஓடுகின்றன. 128 பக்கத்தில் நிறுத்தினால் எட்டுத் தாள்மடிப்புச் சரியாக வரும், 131 என்றால் அந்த மூன்று பக்கத்துக்கும் காசு போகும். 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல்மாகாணத்தில் பள்ளிக்கூடப் பரீட்சையே தள்ளிப்போன நாடு இது, மூன்று பக்கந்தானே என்று விட முடியாது. முந்நூறுக்கு மேல் அடிக்க வேண்டாம், தேவைப்பட்டால் பிறகு அடிக்கலாம். கட்டிலுக்குக் கீழ் பெட்டி பெட்டியாகப் புத்தகம் வைத்திருக்கிற வீடுகள் வெள்ளவத்தையிலேயே ஏராளம்.

விழாவுக்கு வராத ஊர்களை நினைவில் வைத்துக்கொள்ளும். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹற்றன் நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதி தபாலில் போட வேண்டும். என். செல்வராஜா 2002 முதல் தொகுதி தொகுதியாகக் கொண்டுவருகிற 'நூல்தேட்ட'த்தில் பதிவாகவும் ஒன்று அனுப்பும். அந்தத் தொகுதி ஒவ்வொன்றிலும் ஆயிரம் நூல்களின் விபரம் இருக்கிறது. பாதிக்கு மேற்பட்டவற்றை வேறெங்கும் கண்டிருக்க மாட்டீர்.

நான் சிவப்பு மையால் குறித்த பிரதியை இத்தோடு அனுப்புகிறேன். முதலில் ஒன்பதாவது கதையையும் மூன்றாவதையும் மட்டும் திருத்தும், மற்றதைத் தொடாதேயும். பெரியப்பா உறுதியைக் கொடுக்காமலே கதையை முடிக்க முடிகிறதா என்று பார்ப்போம். அச்சகக்காரர் முற்பணம் கேட்டால் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டாம், மிச்சம் கடைசிப் புரூப் உமது கையெழுத்தோடு திரும்பிப் போன பிறகுதான். முழுதும் கொடுத்துவிட்டுப் பிழை மலிந்த பிரதிகளோடு மேடையேறினவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
அன்புள்ள அண்ணர்