தோல் ஏன் சுருங்குகிறது?

நம் செல்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. சோதனைக்கூடத்தில் வளர்த்த மனித செல்கள் சுமார் 50 முறை பிரிந்ததும் நின்றுவிடுவதை 1961-இல் ஹேஃப்ளிக், மூர்ஹெட் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் காட்டினர். ஒவ்வொரு பிரிவிலும் குரோமோசோமின் நுனியான டெலோமியர் தேய்கிறது. நின்றுபோன செல் சும்மா இருக்காது. தோலைத் தாங்கும் கொலாஜனை அரிக்கும் நொதிகளைச் சுரக்கும். வெயிலின் புற ஊதாக் கதிர் இதை வேகப்படுத்தும்.

சித்தாள் வேலை பார்க்கும் எங்கம்மாவுக்கு வயது 40, பார்த்தால் 60. "வயசாயிடுச்சுப்பா" என்பார். பாதிக்குமேல் வெயில் செய்த வேலை அது! டிரெட்டினாயின் களிம்பு கொலாஜனைக் கூட்டும். டாக்டர் சொன்னால்தான் போட வேண்டும். முழுக்கைச் சட்டை, தலைத்துண்டு, நிழல் ஆகியவையே முதல் மருந்து.

எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். நாளை சைட்டில் சூப்பர்வைசராக நிற்கப்போகும் சிவில் நண்பர்களே, அஸ்திவாரம் தோண்டும் முன் ஒரு நிழல் கொட்டகை போடுங்கள்!