கடை நேரமும் வீட்டுக் கணக்கும்



2021-ம் வருஷக் கடைசியில் நம் மூத்த மகன் குர்ஆன் ஓதி முடித்தான். மஃரிபுக்குப் பின் வீட்டில் லெப்பையை அழைத்து துஆ ஓதி, அக்கம்பக்கத்தாருக்கு நெய்ச்சோறு கொடுப்பதாக ஏற்பாடு. எட்டு மணிக்குள் வந்துவிடுவதாக நாம் சொல்லியிருந்தோம். அன்று பார்த்து கடை ஆள் வரவில்லை. ஒரு கிலோ சீனி, இரண்டு டின் சார்டின் என்று வாடிக்கைக்காரர்கள் வந்தவண்ணம் இருந்தார்கள். சுங்கை பினாங்கில் கடையை அடைத்துவிட்டு வீடு சேர்ந்தபோது மணி பதினொன்றரை. பையன் புதுச் சட்டையைக் கழற்றாமலே தூங்கிப் போயிருந்தான். நம் பங்குச் சோற்றை மூடி வைத்திருந்தார்கள். யாரும் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதுதான் நமக்குத் தாங்கவில்லை.

காலை ஆறரைக்குத் திறந்து இரவு பதினொன்றுக்கு அடைப்பது நம் வழக்கம். ஜும்ஆவுக்கு மூடும் நேரம் போக வாரத்துக்கு 110 மணிக்கு மேல் வருகிறது. 2023 ஜனவரி முதல் இந்நாட்டுச் சட்டம் தொழிலாளிக்கு வாரம் 48 மணி என்றிருந்ததை 45 ஆக்கியிருக்கிறது. முதலாளிக்குச் சட்டம் இல்லை. அவன் தனக்குத்தானே வைத்துக்கொண்ட சட்டம்தான்.

இவ்வளவு நீண்ட கடை நேரம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தோம். நம் பாட்டன்மார் சபராளிகள். கடையநல்லூர், இராமநாதபுரம், நாகூர், காரைக்கால் பக்கங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். குடும்பம் ஊரில், இவர்கள் கடையிலேயே சமைத்து, கடையிலேயே பாய் விரித்துப் படுத்தார்கள். திறந்திருந்தாலும் அடைத்தாலும் இருப்பது அதே இடம்தான், எனவே பதினாறு மணி நேரம் திறந்திருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு ஒரு சபர் என்றால் சில வருஷம்தான். அதில் காசு காசாக மீத்து, பங்காளி கையில் கடையை ஒப்படைத்துவிட்டு ஊர் போய், மாதக்கணக்கில் குடும்பத்தோடு இருந்துவிட்டு வருவார்கள். பிறகு அந்தப் பங்காளி புறப்படுவார். சிக்கனம் செய்தார்கள் என்றால் அந்த மாதங்களை வாங்குவதற்காகவே செய்தார்கள்.

1953-ல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டத்தால் போக்குவரத்து இறுகியது. நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் ஓடிய ராஜுலா கப்பல் 1973-ல் அந்த ஓட்டத்தை விட்டது. அனேகர் இங்கேயே குடும்பத்தோடு தங்கிவிட்டோம். குடும்பம் நடக்கும் தூரத்துக்கு வந்துவிட்டது. கடை நேரம் மட்டும் குடும்பம் கடலுக்கு அப்பால் இருந்த காலத்துக் கணக்கிலேயே நிற்கிறது. ஊர் போகும் அந்த மாதங்களும் போய்விட்டன. ஆகப் பாட்டன் பட்ட கஷ்டத்தை வைத்துக்கொண்டு அவர் அடைந்த பலனை விட்டுவிட்டோம்.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது? அபூதர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்து வீட்டாரைக் கவனியாதிருந்தபோது, ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்கள் வந்து தடுத்து, ரப்புக்கும் உடம்புக்கும் வீட்டாருக்கும் தனித்தனியே ஹக்கு உண்டென்று எடுத்துரைத்ததும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஸல்மான் சொன்னதைச் சரியென்று ஏற்றதும் புகாரி ஷரீபில் வந்திருக்கிறது. இபாதத்தே வீட்டாரின் ஹக்கை எடுத்துக்கொள்ளக் கூடாதென்றால், சார்டின் டின் எப்படி எடுத்துக்கொள்ளும்?

அந்த ஸல்மான் (ரலி) அவர்களே மதாயின் நகரத்துக்கு அமீராக இருந்தபோதும் பேரீச்ச ஓலை முடைந்து பிழைத்தார்கள். ஒரு திர்ஹத்துக்கு ஓலை வாங்கி, முடைந்து மூன்று திர்ஹத்துக்கு விற்று, ஒன்றை மறுபடி ஓலைக்கும், ஒன்றை வீட்டுக்கும், ஒன்றை ஸதகாவுக்கும் வைப்பார்களாம். வியாபாரி கவனிக்க வேண்டியது, அந்தக் கணக்கில் முதல் தனி, வீடு தனி. நம்மில் பலருக்கு இரண்டும் ஒரே கல்லாப்பெட்டி. சேர்த்து வைப்பது தவக்கலுக்கு விரோதம் என்பாரும் உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே தம் குடும்பத்துக்கு ஒரு வருஷ உணவை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்பது ஹதீதில் உள்ளது; அதற்கு மேல் விவாதம் வேண்டாம்.

இனி கணக்குக்கு வருவோம். 2022 தொடக்கத்தில் ஒரு மைலோ டின்னை எடுத்து, தினம் 20 வெள்ளி அதில் போட்டோம். விற்றாலும் விற்காவிட்டாலும் 20. மாதக் கடைசியில் எடுத்துக் கணக்கில் கட்டினோம். 900 நாளில் 18,000 வெள்ளி. இது வீட்டுச் செலவில் நாலு மாதத்துக்குச் சற்று அதிகம். கடையில் அவ்வளவுக்குச் சரக்கு கிடக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கு வெள்ளத்தில் மூழ்கியது நினைவிருக்கும். நம் கடையில் அரிசி மூட்டை ஊறி நாறியது. பணம் கையில் வைத்திருந்தவர்கள் சீக்கிரம் திறந்தார்கள். நாம் கடனுக்கு அலைந்தோம். சரக்கு சேமிப்பு ஆகாது.

எங்கே வைப்பது என்பதற்கு இந்நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. அக்காலத்தில் ஹஜ்ஜுக்குப் போகும் கிராமத்து மலாய்க்காரர்கள் வட்டிக்கு அஞ்சிப் பணத்தை வீட்டிலேயே ஒளித்து வைப்பார்கள். போதாததற்கு நிலத்தையும் மாட்டையும் விற்பார்கள். திரும்பி வந்தால் பிழைப்பில்லை. இதைப் பார்த்து உங்கு அஸீஸ் 1959-ல் ஒரு யோசனையை எழுதிக் கொடுத்தார். அதன்படி 1963-ல் வட்டியில்லாச் சேமிப்பு ஸ்தாபனம் தொடங்கியது. முதலில் சேர்ந்தவர்கள் 1,281 பேர். அவர்கள் போட்ட மொத்தம் 46,600 வெள்ளி. ஆளுக்கு 36 வெள்ளிதான் விழுகிறது. 1951 முதல் நம் பினாங்கில் இயங்கிய ஹஜ்ஜு அலுவலகத்தோடு அது 1969-ல் இணைந்தது. இன்றைய தாபோங் ஹாஜி அதுதான். சுயதொழில் செய்கிறவர்கள் ஊழியர் சேமநிதியிலும் தாமாகக் கட்டலாம். 2017 முதல் அதில் ஷரீஅத் முறைக் கணக்கும் உண்டு. நிஸாபை எட்டி வருஷம் நிறைந்தால் நூற்றுக்கு இரண்டரை ஜகாத் கொடுக்க வேண்டும். சரக்கையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

18,000 சேர்ந்தபின் நமக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. 2025 ஆகஸ்டில் ஒரு நோட்டுப் போட்டு, ஒவ்வொரு மணிக்கும் எவ்வளவு விற்கிறது என்று ஒரு மாதம் எழுதினோம். இரவு ஒன்பது முதல் பதினொன்று வரை சராசரி விற்பனை 90 வெள்ளி. நூற்றுக்கு 12 லாபம் வைத்தால் 10 வெள்ளி 80 காசு. அந்த மாதம் முதல் சின்னக் கடைக்கும் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. மணிக்கு 8 வெள்ளி 72 காசு. ஆளுக்கு இரண்டு மணிக்குக் கொடுப்பது 17 வெள்ளிக்கு மேல். விளக்கு, குளிர்பெட்டிக் கரண்ட் தனி. இத்தனை வருஷம் நஷ்டத்துக்குக் கண் விழித்திருக்கிறோம்!

வாடிக்கை போய்விடுமே என்ற பயம் நமக்கும் இருந்தது. ஆனால் 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில், மளிகைக் கடைகள் காலை 8 முதல் இரவு 8 வரைதான் என்று அரசாங்கம் உத்தரவு போட்டதே, அப்போது ஜனங்கள் சீனி வாங்காமலா இருந்தார்கள்? எட்டுக்குள் வந்தார்கள். கட்டுப்பாடு தளர்ந்ததும் பழைய நேரத்துக்கு ஓடியது நாம்தான்.

ஒன்பதுக்கு அடைப்பது இப்படிச் சுலபமாக முடிந்தது. ஏழிலிருந்து ஒன்பதுதான் கஷ்டம், ஏனெனில் அது நல்ல வியாபார நேரம். செலவு போக நாளுக்கு 35 வெள்ளி நிற்கிறது; 26 நாளுக்கு 910. இதை விட வேண்டுமானால் வீட்டில் 910 குறைய வேண்டும். நாமும் வீட்டாரும் உட்கார்ந்து செலவை வரிசையாக எழுதினோம். மீன், மருந்து, பள்ளிச் செலவு இவற்றில் கை வைக்க மனம் வரவில்லை. கடை ஆள் கூலியில் கை வைப்பது சிக்கனமல்ல, ஹராம். எழுதிக்கொண்டே போனதில் இரண்டாவது கார் வந்தது. தவணை 620, பெட்ரோல், இன்சூரன்ஸ், ரிப்பேர் எல்லாம் கூட்ட 900-ஐ ஒட்டி நின்றது. நம் வீட்டில்தான் முதலில் சொன்னார்கள்: "அப்படியானால் தினமும் மஃரிபிலிருந்து இஷா தாண்டி நீங்கள் உட்கார்ந்திருந்தது இந்தக் காருக்காகத்தானே?" நமக்குப் பதில் வரவில்லை. அந்தக் காரில் நாம் ஏறியதே மாதம் இரண்டு மூன்று தடவைதான்.

காரை விற்றுப் பாக்கித் தவணையை அடைத்தோம். உறவினர் சிலர் கடை நொடித்துவிட்டதென்று பேசிக்கொண்டார்கள்; ஒருவர் கடன் தரவும் வந்தார், அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்வானாக. முதல் இரண்டு மாதம் விற்பனை பயந்ததைவிடச் சற்று அதிகமாகவே இறங்கி, டின் பணத்திலிருந்து 1,400 வெள்ளி எடுக்க வேண்டியிருந்தது. மூன்றாம் மாதம் எடுக்கவில்லை. ஆறரை மணிக்குக் கூட்டம் கூடுகிறது.

இரவு ஏழுக்கு அடைத்துவிட்டு மஃரிபுக்குப் பள்ளிக்குப் போய், இஷா வரை வீட்டில் சின்னவன் ஓதுவதைக் கேட்கிறோம். மத்ரஸாவில் நாம் படித்த தஜ்வீத் பாதி மறந்திருக்கிறது. அவன் சரியாக ஓதுகிற இடத்தில் நாம் திருத்தப் போய், மூத்தவன் உள்ளிருந்து சத்தம் போடுகிறான்.