சிறைக்குள் சட்ட ஆலோசனையும் பொது நிதியும்

ஏரவாடா என்றதும் 1932 செப்டம்பரில் உருவான பூனா ஒப்பந்தமே மாணவர்களின் நினைவுக்கு வரும். சட்ட உதவிக்கு அரசு பணம் செலவிடுவதைப் பயில்வோர் அச்சிறையோடு தொடர்புடைய பிறிதொரு வழக்கையும் அறிதல் நலம்.

ஹோஸ்காட் எதிர் மகாராஷ்டிர அரசு என்னும் அவ்வழக்கில் 1978 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1973 நவம்பரில் உயர் நீதிமன்றம் விதித்த தண்டனையை எதிர்த்து ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கழித்தே மனு செய்யப்பட்டது. தீர்ப்பின் நகலே தமக்குக் கிடைக்கவில்லை என்பது மனுதாரரின் விளக்கம். நகலை ஏரவாடா சிறைக்கு உடனே அனுப்பியதாக உயர் நீதிமன்றப் பதிவாளர் கூறினார். எழுத்தர் ஒருவர் அதைக் கைதியிடம் தந்து, கருணை மனுவுடன் இணைப்பதற்காகத் திரும்பப் பெற்றதாகச் சிறைக் கண்காணிப்பாளர் சத்தியம் செய்தார். கைதி மறுத்தார். ஒப்புகைக் கையெழுத்து ஏதுமில்லை. எவர் சொல் மெய்யாயினும், மேல்முறையீட்டு உரிமை ஒரு தாளை நம்பியிருந்தது என்பது விளங்கும்.

மனு தள்ளுபடியாயிற்று. ஆயினும் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு நிலையான பயன் தந்தது. நகலை இலவசமாக வழங்கி எழுத்தில் ஒப்புகை பெற வேண்டும். வழக்கறிஞரை அமர்த்த வசதியற்ற கைதிக்கு நீதிமன்றமே ஒருவரை நியமித்தால், நீதிமன்றம் நிர்ணயிக்கும் ஊதியத்தை அரசு தர வேண்டும். 1976இல் அரசியலமைப்பில் சேர்ந்த 39ஏ பிரிவு வழிகாட்டும் கோட்பாடே. அதற்குச் செலவுக் கணக்கில் இடம் தேடித்தந்தவற்றுள் இத்தீர்ப்பும் ஒன்று.

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் செயற்படுகிறது. தேசிய, மாநில, மாவட்ட நிலைகளில் சட்ட உதவி நிதியங்களை அது நிறுவியது. காவலில் உள்ளவருக்கு வருமான வரம்பு கிடையாது.

எனினும் நிதியம் எளிதில் எண்ணக்கூடியது நடத்திய வழக்குகளையே. மனு எழுதவும் காலக்கெடுவை நினைவூட்டவும் ஒருவர் செலவிடும் அரைமணி நேரம் எந்தப் பத்தியிலும் ஏறுவதில்லை. நான்காண்டுத் தாமதத்தைத் தவிர்ப்பதோ அந்த அரைமணி நேரமே. ஆலோசனைக்கென்றே நிதி ஒதுக்குவது புதுமையன்று. 1939இல் பிரிட்டனில் தொடங்கிய குடிமக்கள் ஆலோசனை நிலையங்கள் தொண்டர்களைக் கொண்டு, பொது நிதியின் துணையோடு இயங்கி வந்துள்ளன. நம் நாட்டில் 2009இல் தேசிய ஆணையம் வகுத்த சட்டத் தன்னார்வலர் திட்டம் இவ்வழியிலானது. அவர்களுக்கு மாத ஊதியம் இல்லை, மதிப்பூதியமே. அத்தொகையைச் சில்லறைச் செலவாகக் கருதிக் குறைப்பது தவறான சிக்கனம் என்பது என் கருத்து.

நீண்ட தண்டனை பெற்ற, படித்த, நன்னடத்தையுள்ள கைதிகளையும் இப்பணிக்குப் பயிற்றலாம். வழக்கறிஞர் வந்து திரும்பிய பின்னரும் அவர்கள் உள்ளேயே இருப்பார்கள்.