களாவா, அரளியா?

நம்ம பென்னாகரம் பக்கம் கரட்டுல ஆடு மேய்த்தவர்களுக்குக் களாப்பழம் தெரியும். தாவரவியலில் இதன் பெயர் கரிசா ஸ்பைனாரம். கொடிய விஷமுள்ள அரளியின் குடும்பம்! கிள்ளினால் இரண்டிலுமே பால் வடியும். அப்போ எப்படிப் பிரித்தறிவது?

அரளி: முள் கிடையாது. கணுவுக்குப் பெரும்பாலும் மூன்று நீண்ட இலைகள்.

களா: கூரிய முள், சில சமயம் கவட்டை போல் பிரிந்திருக்கும். தடித்த இலைகள், எதிரெதிராக இரண்டிரண்டு. பூ வெள்ளை, ஐந்து இதழ், நல்ல வாசம். காய் சிவந்து, பழுத்தால் கறுக்கும்.

"கறுத்ததைத் தின்னு, செவந்ததை ஊறுகாய்க்கு விடு" என்று எங்க ஆயா சொல்லும். பள்ளிக்கூடம் பக்கமே போனதில்லை. வீட்டில் முதலில் படிக்க வந்த நான், பெயரை மட்டுந்தான் புதிதாகக் கற்றேன். நாளை சர்வேக்குப் போகும்போது, வெறும் முட்புதர் என்று வெட்டச் சொல்லுமுன் ஒரு நிமிஷம் நின்று பார்ப்போம், தோழர்களே!