கழன்ற கீயும் அத்தையின் வீணையும்

ஆண்டு விழாவுக்கு முதல் நாள், இரவல் வாங்கிய பேஸ் கிடாரைச் சுவரில் இடித்துவிட்டேன். தடித்த 'ஈ' கம்பியின் கீயை எவ்வளவு முறுக்கியும் சுருதி நிற்கவில்லை. "கட்டிங் பிளேயரால இறுக்குடா மாப்ளே" என்றான் நண்பன். நல்லவேளை, செய்யவில்லை.

பாபநாசம் வீட்டில் என் அத்தை வீணை வாசிப்பார். தஞ்சாவூர் வீணைக்கு 7 கம்பி, 7 மரப் பிரடை. முனை சிறுத்த பிரடையைத் துளைக்குள் அழுத்தித் திருப்பினால் உராய்வு பிடித்துக்கொள்ளும். வழுக்கினால் சாக்பீஸ் தூள் போடுவார். "பிடிப்பு எங்க போச்சுன்னு பாரு, அப்புறம் கை வை" என்றார்.

கிடாரில் பிடிப்பது நாம் படிக்கும் வார்மும் வார்ம் வீலும்தான். வீலில் 20 பல் இருந்தால், கீயை 20 சுற்று சுற்றினால்தான் கம்பி சுற்றிய தண்டு 1 சுற்று சுற்றும். வார்ம் வீலைத் திருப்பும். கம்பி இழுத்தாலும் வீல் வார்மைத் திருப்பாது.

செய்முறை:

1. முதலில் கம்பியை முழுதும் தளர்த்துங்கள்.

2. வீலின் நடு ஸ்க்ரூவைப் பாருங்கள். என் கோளாறு அங்கேதான்! அது ஆடியதால் வீல் விலகிப் பல் தாண்டியது. அளவாக இறுக்கினேன்.

3. பல் தேய்ந்திருந்தால் அந்த ஒரு கீயை மட்டும் மாற்றலாம். துளை விட்டத்தையும் ஸ்க்ரூ இடைவெளியையும் வெர்னியரில் அளந்தபின் வாங்குங்கள்.

4. சுருதியைக் கீழிருந்து மேலே ஏற்றியே நிறுத்துங்கள். பல் இடைவெளியின் தொய்வு போய்விடும்.

விழா நன்றாக நடந்தது. ஆனால் இரண்டு பல் மழுங்கியிருந்ததை உரியவரிடம் மறைக்கவில்லை. புதுக் கீ வாங்கி மாட்டியே திருப்பிக் கொடுத்தேன். இரவல் பொருளுக்கு அதுதானே சுருதி!